வெந்தயத்தின் வழுவழுப்பு

இடம்பெயர்ந்த வாழ்வில் மரக்கறி குறைந்து, சோறும் கோதுமை மாவுமே உணவாகும்போது நாம் இழப்பது நார்ப்பொருளை. நீரிழிவுக்காரருக்கு இது பெரிய இழப்பு. ஓரளவு ஈடுசெய்ய வெந்தயம் உதவும்.

ஊறிய வெந்தயம் வழுவழுப்பதைக் கண்டிருக்கிறோம். அந்த வழுவழுப்பே கலக்டோமன்னன் என்னும் பல்சக்கரைட்டு. சீனி மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலி. எமது குடலால் அதைச் சீனியாக உடைக்க முடியாது. அது களிபோலாகி உணவோடு கலப்பதால், சோற்றின் சீனி மெதுவாகவே இரத்தத்திற் சேரும். பித்தத்தில் ஒரு பகுதியும் மலத்தோடு வெளியேறும். இழந்த பித்தத்தை ஆக்க, ஈரல் இரத்தத்திலுள்ள கொலஸ்திரோலை எடுக்கும்.

எனவே ஊறிய நீரை மட்டும் குடியாமல், விதையையும் உண்போம். கர்ப்பிணிகள் மருந்தாக உண்ணலாகாது. குளிசையையோ ஊசியையோ நிறுத்தவும் கூடாது. மருந்தோடு சேர்ந்து சீனி அளவுக்கு மீறிக் குறையலாம்; வைத்தியரிடம் சொல்லியே தொடங்குவோம்.