அரிச்சல்முனைக்கு ஒரு பயணம்

சிக்கிமின் நாதூ லா கணவாய்க்குச் செல்வோர் முன்னதாகவே அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். தனுஷ்கோடியின் கடல் எல்லையான அரிச்சல்முனைக்கு அச்சீட்டு வேண்டா. ஆனால் காற்றின் போக்கை அறிந்தே புறப்பட வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றின்போது தென்புறத்து மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். வடகிழக்குப் பருவத்தில் வடபுறக் கடல் சீறும். இரண்டும் கூடும் முனையில் நீரோட்டம் வலியது, நீராடுதல் கூடாது.

இராமேசுவரத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். 2017இல் சாலை திறக்கப்பட்டதால் இன்று எளிதில் சென்றுவிடலாம். எனினும், வழியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தையும் தொடர்வண்டி நிலையத்தையும் விரைந்து கடந்துவிடலாகாது. 1914 முதல் இங்கு வந்திறங்கிய பயணியர் கப்பலேறித் தலைமன்னார் அடைந்து, அங்கிருந்து தொடர்வண்டியில் கொழும்பு சென்றனர். இன்று சாலை முடியும் இவ்வூர் அன்று ஈழத்தின் வாயில். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் எழுந்த புயலலை, பாம்பனிலிருந்து வந்த தொடர்வண்டியைப் பயணியரோடு விழுங்கியது, ஊரும் அழிந்தது. கப்பல் போக்குவரத்தும் அத்தோடு இங்கு நின்றது.

முனையில் நிழல் இல்லை. மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். குடிநீர் உடன்கொண்டு செல்வது நன்று. இடிபாடுகளுக்கிடையே இன்றும் வாழும் மீனவர்கள், மணலில் சில அடி தோண்டி நன்னீர் எடுக்கின்றனர். அவ்வூற்றில் கை நனைக்குமுன் அவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.