நூல் அறுகிற இடம்

தறியில் நூல் அறுந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். எந்த இடத்தில் அறுகிறது? இழை மெலிந்த இடத்தில்தான்.

நம் உடலுக்குள்ளும் நூல்கள் இருக்கின்றன. உடல் கோடானுகோடி செல்களால் ஆனது. ஒரு செல்லுக்குள் பொதுவாக 46 நூல்கள் இருக்கும். அவை வெறும் கண்ணுக்குத் தெரியாது. அவற்றின் பெயர் குரோமோசோம். செல் எப்போது வளர வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்ற கட்டளைகள் அந்த நூல்களில்தான் உள்ளன. அந்தக் கட்டளைகளை மரபணுக்கள் என்கிறோம்.

செல் இரண்டாகப் பிரியும் முன் இந்த நூல்களைப் படி எடுக்கிறது. அப்போது இடைஞ்சல் வந்தால், சில மெலிந்த இடங்களில் நூல் அறுகிறது. மெலிந்த இடம் எல்லோர் உடலிலும் உண்டு. இது நோய் அல்ல. யாரும் இட்ட சாபமும் அல்ல.

மூன்றாம் குரோமோசோமில் அப்படி ஓர் இடம் இருக்கிறது. மிக எளிதில் அறுகிற இடம். 1996-இல் அமெரிக்காவில் கார்லோ குரோச்சே, கே ஹியூப்னர் குழுவினர் அங்கே ஒரு மரபணுவைக் கண்டார்கள். அதன் பெயர் ஃபிட். அது ஒரு காவல்காரன். கெட்டுப்போன செல்லைச் சாக வைக்க அது உதவுகிறது. பாருங்கள், காவல்காரன் குடியிருப்பதே இடிந்து விழும் வீட்டில்!

நுரையீரல் புற்றுநோய்க் கட்டிகள் பலவற்றில் ஃபிட் அறுந்து போயிருந்தது. ஆனால் சிலர் சந்தேகப்பட்டார்கள். "மெலிந்த இடம், அதனால் அறுந்தது. புற்றுநோய்க்கு இதுதான் காரணமா?" நியாயமான கேள்விதான்.

2000-இல் எலிகளை வைத்துச் சோதித்தார்கள். எலிக்கும் ஃபிட் இரண்டு படிகள் உண்டு. 10 எலிகளுக்கு ஒரு படி இல்லை. 8 எலிகளுக்கு இரண்டும் இருந்தன. புற்றுநோய் உண்டாக்கும் ஒரே ரசாயனத்தை எல்லாவற்றுக்கும் கொடுத்தார்கள். இரண்டு படிகளும் இருந்த 8 எலிகளில் 2-க்குக் கட்டி வந்தது. ஒரு படி இல்லாத 10 எலிகளுக்கும் கட்டி வந்தது! அடுத்த ஆண்டு, இப்படிப்பட்ட எலிகளுக்கு ஃபிட் மரபணுவை வாய்வழியே கொடுத்தார்கள். கட்டிகள் குறைந்தன.

புகையிலைப் புகையில் உள்ள நஞ்சு இந்த நூல்களைத் தாக்குகிறது. புகைப்பவர்களின் நுரையீரல் கட்டிகளில் ஃபிட் இழப்பு அதிகம் காணப்படுகிறது. நூல் அறும்போது வலிக்காது. இருமலும் வராது.

"எங்கள் தாத்தா எண்பது வயது வரை பீடி குடித்தாரே?" என்று கேட்பீர்கள். ஒருவருக்கு எந்தச் செல்லில், எந்த நூல் அறும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. தாத்தாவுக்கு அறவில்லை. பேரனுக்கு அறலாம்.

பேசிப் பாருங்கள்: உங்கள் வீட்டில் புகையிலை பழக்கம் யாருக்கு இருக்கிறது? இந்தப் பாடத்தை அவருக்கு எப்படிச் சொல்வீர்கள்?