அந்தப் பிள்ளையின் தலையில் கட்டாதே

அன்புள்ள தங்கைக்கு,

உன் குறும்படத்தின் திரைக்கதையைப் படித்தேன். ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் தாய், விவாகரத்தாகிப் பெங்களூரில் இருக்கும் தகப்பன், நடுவில் ஏழு வயதுப் பெண். தாய் மறுமணத்துக்குச் சம்மதித்த வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் பழைய தம்பதி சேர்ந்துவிடுகிறார்கள். இந்த முடிவை என் மனம் ஏற்கவில்லை.

பிரிந்தவர்களைச் சேர்த்துவைக்கும் வேலையை நம் சினிமா நெடுங்காலமாகப் பிள்ளைகள் தலையில் கட்டிவருகிறது. கிருஷ்ணன்–பஞ்சுவின் ‘குழந்தையும் தெய்வமும்’ (1965) படத்தில் குட்டி பத்மினி இரட்டை வேடத்தில் அதைச் செய்தார். எரிக் கெஸ்ட்னரின் ஜெர்மன் நாவலில் தொடங்கி ஹாலிவுட் வழியாக நம்மிடம் வந்த கதை. எனக்குப் பிடித்த படம்தான். ஆனால் அங்கே ஜமுனாவையும் ஜெய்சங்கரையும் பிரித்தது பெண்ணைப் பெற்றவளின் அதிகாரம். அது அடங்கினால் சேரலாம். உன் கதையில் கணவன் கை நீட்டுகிறவன். மகளுக்கு வந்த காய்ச்சலில் அவன் குணம் மாறிவிடுமா?

பாலசந்தரின் ‘அவர்கள்’ பார். 1977இல் வந்தது, பரஸ்பர சம்மத விவாகரத்து இந்து திருமணச் சட்டத்தில் சேர்ந்ததே அதற்கு முந்தைய வருஷம்தான். கைக்குழந்தையோடு தனித்து வாழும் அனுவாக சுஜாதா. கொடுமைக்காரக் கணவனாக ரஜினிகாந்த். மனம் திருந்தியவனாக நடித்தே அவளுடைய மறுமணத்தைக் குலைக்கிறான் அந்தக் கணவன். அடிப்பதைவிட அது கொடுமை.

ஆனால் என் மனதில் தங்கியது கன்னட நடிகை லீலாவதி ஏற்ற மாமியார். மகன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்தபின் மருமகள் வீட்டில் வேலைக்காரியாக இருந்து பேரக்குழந்தையை வளர்க்கிறாள். கடைசியில் அனுவோடு ரயிலேறுகிறவளும் அவள்தான். கோர்ட் முறித்த உறவில் அவள் பங்கு முறியவில்லை. ஒரு குறை உண்டு: அங்கே குழந்தைக்குப் பேச்சு வரவில்லை, அதனால் பாலசந்தர் தப்பித்தார். உன் பெண்ணுக்கு ஏழு வயது. எல்லாம் கேட்பாள்.

இரவு ஷிஃப்டுக்கு அம்மா கம்பெனி பஸ் ஏறியதும் அந்தப் பெண் யாரோடு படுத்துக்கொள்கிறாள்? திரைக்கதையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. காபி கொடுத்துவிட்டு மறைந்துபோகிற அப்பாவழிப் பாட்டியை அத்திப்பள்ளியிலிருந்து அழைத்து வா. அவள் கன்னடத்தில் பேசட்டும், பேத்தி தமிழில் பதில் சொல்லட்டும். மருமகளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் வாசலில் வந்து நிற்கும்போது பாட்டி எழுந்துகொள்வாளா, பிள்ளையை மடியில் இழுத்துக்கொள்வாளா? வேறெதையும் திருத்துமுன் அந்த ஒரு காட்சியை எழுதி அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்