மைதாவும் சீனியும் இல்லாத கிறிஸ்துமஸ் பிஸ்கட்
(மனையியல் பாடம்)

டிசம்பர் மாதம் பிறந்தால் நம் வீடுகளில் பலகாரப் பேச்சும் பிறந்துவிடும். அச்சு முறுக்கு, கலகலா, முந்திரிக்கொத்து, கேக் என்று ஊருக்கு ஊர் பட்டியல் மாறும். ஆனால் செய்ததைத் தட்டில் அடுக்கி அண்டை வீடுகளுக்குக் கொடுத்தனுப்பும் வழக்கம் எங்கும் ஒன்றே. அப்படித் தட்டை நீட்டும்போது, "எனக்கு வேண்டாம்மா, சர்க்கரை இருக்கிறது" என்று கையை மடக்கிக்கொள்பவர் ஒருவராவது இன்று பல வீடுகளில் இருக்கிறார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. நம் பாட்டியும் தாத்தாவும் மட்டுமல்ல, சில வீடுகளில் நம் வயதுடைய பிள்ளைகளுக்கும் இந்நோய் உண்டு.

விழா நாளில் அவர்களை ஒதுக்கி வைப்பது அன்பாகாது. "ஒரு நாள்தானே, சாப்பிடுங்கள்" என்று வற்புறுத்துவதும் அன்பாகாது. அவர்களும் நம்மோடு உண்ணக்கூடிய ஒன்றை அறிந்து செய்வதே அன்பு. அந்த அறிவைத் தருவது மனையியல்.

கார்போஹைட்ரேட் என்பது என்ன?

நாம் உண்ணும் மாவுச்சத்து, சர்க்கரை, நார்ச்சத்து ஆகிய மூன்றுக்கும் பொதுப்பெயர் கார்போஹைட்ரேட். இவற்றுள் மாவுச்சத்தும் நாம் காப்பியில் போடும் சீனியும் செரிக்கும்போது பெரும்பாலும் குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் சேருகின்றன. அந்தக் குளுக்கோஸ் உடலின் உயிரணுக்களுக்குள் செல்ல இன்சுலின் உதவுகிறது. நீரிழிவு உள்ளவர்க்கு இன்சுலின் போதிய அளவு சுரப்பதில்லை; அல்லது சுரந்தும் சரிவர வேலை செய்வதில்லை. ஆகவே குளுக்கோஸ் இரத்தத்திலேயே தேங்குகிறது. நார்ச்சத்து அப்படியன்று. அது நம் குடலில் குளுக்கோஸாக மாறுவதில்லை.

100 கிராம் மைதாவில் ஏறத்தாழ 75 கிராம் கார்போஹைட்ரேட் உள்ளது. அதில் நார்ச்சத்து மிகக் குறைவு. சீனியோ முழுவதும் கார்போஹைட்ரேட்டே. சாதாரண பிஸ்கட்டின் பெரும்பகுதி இவ்விரண்டுமே என்பதை எண்ணிப் பார்த்தால், மருத்துவர் ஏன் தடுக்கிறார் என்பது விளங்கும்.

இது புதிய எண்ணமன்று

இன்சுலின் 1921ஆம் ஆண்டில் கனடாவின் டொராண்டோ நகரில் கண்டறியப்பட்டது. 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதலில் ஊசிமூலம் செலுத்தப்பட்டது. அதற்கு முன் நீரிழிவுக்கு உணவுக் கட்டுப்பாட்டைத் தவிர வேறு பயனுள்ள வழி ஏதுமில்லை. 19ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் பூஷார்டா, மாவுச்சத்து நீக்கிய குளூட்டன் ரொட்டியைத் தம் நோயாளிகளுக்குக் கொடுத்தார். லண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் பேவி, கோதுமை ரொட்டிக்கு மாற்றாகப் பாதாம் மாவில் செய்த உணவைப் பரிந்துரைத்தார். இன்று நாம் கற்கப்போகும் பிஸ்கட்டுக்கு அவர் வழிகாட்டி எனலாம்.

மைதா இல்லாமல் பிஸ்கட் உண்டா என்று வியக்க வேண்டாம். ஜெர்மனியில் கிறிஸ்துமஸ் காலத்தில் செய்யப்படும் பட்டை நட்சத்திரம் பாதாமும் முட்டை வெண்கருவும் சேர்ந்தது. இத்தாலியரின் அமரெட்டியும் அவ்வகையே. அவ்வளவு தூரம் போவானேன்? நம் தூத்துக்குடி மக்ரூன் முந்திரிப் பருப்பு, முட்டை வெண்கரு, சீனி ஆகியவற்றால் ஆனது. அதில் மைதாவுக்கு இடமே இல்லை. இவற்றிலெல்லாம் சீனி நிறைய உண்டு என்பதுதான் குறை. அதை மட்டும் நாம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

மைதாவும் சீனியும் செய்யும் வேலை

ஒரு பொருளை நீக்குமுன் அது என்ன வேலை செய்தது என்று அறிய வேண்டும். மைதாவில் தண்ணீர் சேர்த்துப் பிசைந்தால் அதிலுள்ள புரதங்கள் இணைந்து குளூட்டன் என்ற வலைபோன்ற அமைப்பு உண்டாகிறது. மாவு ஒட்டி நிற்பது அதனால்தான். பாதாம் மாவில் குளூட்டன் இல்லை. எனவே ஒட்டவைக்க முட்டை வேண்டும். இதில் ஒரு நன்மையும் உண்டு. மைதா மாவை அதிகம் பிசைந்தால் பிஸ்கட் கடினமாகிவிடும். பாதாம் மாவை எத்தனை முறை திரட்டி இட்டாலும் அக்குறை நேராது. பாதாமில் பாதி எடை கொழுப்பே என்பதால் வெண்ணெயும் பாதி போதும்.

சீனி இனிப்புக்காக மட்டும் சேர்க்கப்படுவதன்று. அது பிஸ்கட்டுக்குப் பருமன் தருகிறது. சூட்டில் உருகி வட்டமாகப் பரவச் செய்கிறது. பொன்னிறமும் மொறுமொறுப்பும் தருகிறது. ஆகவே இனிப்பு மாற்றுப் பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது இவற்றையும் கருத வேண்டும்.

சீனிக்கு எது மாற்று?

வெல்லம், கருப்பட்டி, தேன், பேரீச்சம்பழம் ஆகியவை சீனியைவிட நல்லவை, சர்க்கரை நோயாளிக்கு ஆகும் என்ற நம்பிக்கை நம் ஊர்களில் பரவலாக உள்ளது. இது தவறு. இவற்றில் தாது உப்புகள் சிறிது இருக்கலாம். ஆயினும் பெரும்பகுதி சர்க்கரையே. இரத்தக் குளுக்கோஸை இவையும் உயர்த்தும்.

சீனித்துளசி எனப்படும் ஸ்டீவியாவின் சாறு சீனியைவிட ஏறத்தாழ 200 மடங்குக்கும் மேல் இனிப்பானது. ஆதலால் சிட்டிகையளவே போதும். அந்தச் சிட்டிகை இனிப்பைத் தருமேயன்றிப் பருமனைத் தராது, கூடினால் கசக்கும். எரித்ரிட்டால் என்பது குளுக்கோஸை நொதிக்கவைத்துத் தயாரிக்கப்படும் ஒரு சர்க்கரை ஆல்கஹால். பெயரைக் கண்டு அஞ்ச வேண்டாம், இது போதைப்பொருளன்று. சீனியின் இனிப்பில் சுமார் 70 சதவீதம் இதற்கு உண்டு. குடலில் உறிஞ்சப்பட்டாலும் பெரும்பாலும் மாற்றமின்றிச் சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. இரத்தக் குளுக்கோஸை உயர்த்துவதில்லை. பருமனும் தரும். ஆகவே நம் செய்முறைக்கு இதையே எடுத்துக்கொள்வோம். இதே இனத்தைச் சேர்ந்த மால்டிட்டால் ஓரளவு குளுக்கோஸை உயர்த்தக்கூடியது. வாங்கும்போது பெயரைக் கவனிக்கவும்.

தேவையான பொருள்கள் (24 பிஸ்கட்டுகளுக்கு)

பாதாம் மாவு – 200 கிராம்
பொடித்த எரித்ரிட்டால் – 60 கிராம்
உப்பில்லாத வெண்ணெய் – 50 கிராம்
முட்டை – 1
பேக்கிங் பவுடர் – அரைத் தேக்கரண்டி
பட்டைப் பொடி – 1 தேக்கரண்டி
ஏலக்காய்ப் பொடி – கால் தேக்கரண்டி
உப்பு – 1 சிட்டிகை

செய்முறை

1. பாதாம் பருப்பை வெந்நீரில் 10 நிமிடம் போட்டுத் தோலுரித்து, துணியில் துடைத்து, ஈரம் சிறிதும் இல்லாமல் உலர்த்தவும். மிக்சியில் விட்டு விட்டு ஓட்டிப் பொடித்துச் சலிக்கவும். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கி விழுதாகிவிடும்.

2. எரித்ரிட்டாலைத் தனியே நைசாகப் பொடிக்கவும். பொடிக்காமல் சேர்த்தால் ஆறியபின் பல்லில் மணல்போல் நெருடும்.

3. வெண்ணெயையும் எரித்ரிட்டாலையும் மரக்கரண்டியால் நன்கு குழைக்கவும். வீட்டில் கடைந்த வெண்ணெயானால் நீரைப் பிழிந்துவிட்டு நிறுக்கவும். பின் முட்டையைச் சேர்த்து அடிக்கவும்.

4. மற்றப் பொருள்களை ஒன்றாகக் கலந்து சேர்த்துத் திரட்டவும். மூடி, குளிர்பெட்டியில் அரைமணி நேரம் வைக்கவும். வெண்ணெய் இறுகினால்தான் வெட்ட வரும்.

5. இரண்டு வெண்ணெய்த்தாள்களுக்கு நடுவே வைத்துக் கால் அங்குலக் கனத்தில் இட்டு, நட்சத்திர அச்சால் வெட்டவும். ஓரம் வெடித்தால் விரலால் அழுத்திச் சேர்க்கவும்.

6. 160 டிகிரி செல்சியஸில் முன்பே சூடேற்றிய அவனில் 12 முதல் 14 நிமிடம் வைக்கவும். பாதாம் மாவு விரைவில் கருகும். 10 நிமிடத்திற்குப் பின் அருகிலேயே நின்று பார்க்கவும். ஓரம் பொன்னிறமானதும் எடுத்துவிடவும்.

7. எடுத்தவுடன் பிஸ்கட் மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லை என்றெண்ணி மீண்டும் உள்ளே வைக்கக் கூடாது. தட்டிலேயே 20 நிமிடம் ஆறவிட்டால் இறுகும். பின் காற்றுப் புகாத டப்பாவில் வைக்கவும். ஒரு வாரம் நன்றாக இருக்கும்.

அவன் இல்லாத வீட்டில் கனத்த அடியுள்ள பாத்திரத்தில் இரண்டு அங்குலம் மணல் பரப்பி, மூடி, 15 நிமிடம் சூடேற்றவும். உள்ளே ஒரு வளையம் வைத்து, அதன்மேல் பிஸ்கட் தட்டை வைத்து மூடி, சிறு தீயில் வைக்கவும். நேரம் சற்றுக் கூடும். நிறத்தைப் பார்த்து எடுப்பதே முறை.

பாதாம் விலை கட்டுப்படியாகாது என்போர், வறுத்துத் தோல் நீக்கிப் பொடித்த நிலக்கடலை 100 கிராமும், சீனி சேராத கொப்பரைத் துருவல் 100 கிராமும் சேர்த்துச் செய்யலாம். நார்ச்சத்து நீக்கிய கார்போஹைட்ரேட் ஏறத்தாழ அதே அளவுதான். சுவை வேறு; குறைவன்று.

கணக்கிட்டுப் பார்ப்போம்

200 கிராம் பாதாமில் கார்போஹைட்ரேட் சுமார் 42 கிராம். அதில் நார்ச்சத்து 24 கிராம். எஞ்சுவது 18 கிராம். 24 பிஸ்கட்டுகளுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 1 கிராமுக்கும் குறைவு. 200 கிராம் மைதா, 100 கிராம் சீனி, 100 கிராம் வெண்ணெய், 1 முட்டை சேர்த்து 24 பிஸ்கட் செய்தால், ஒன்றில் 10 கிராமுக்கு மேல் இருக்கும். வேறுபாடு பத்து மடங்குக்கும் மேல்.

இனி மற்றொரு கணக்கு. அந்த மைதா பிஸ்கட் ஒன்றில் சுமார் 79 கலோரி. நம் பிஸ்கட் ஒன்றில் சுமார் 67 கலோரி. இங்கே வேறுபாடு மிகச் சிறிது! கார்போஹைட்ரேட் குறைந்ததே தவிர, கொழுப்பு அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. "சர்க்கரை இல்லைதானே" என்று பத்துப் பன்னிரண்டு தின்றால் உடல் பெருக்கும். உடல் பெருத்தால் நீரிழிவும் கட்டுக்கு அடங்காது. இரண்டு போதும்.

கடையில் விற்கும் "சர்க்கரை சேர்க்காத" பிஸ்கட்டையும் இக்கண்கொண்டே பார்க்க வேண்டும். சீனி சேர்க்கவில்லை என்பது உண்மையாயிருக்கலாம். ஆனால் மைதா இருந்தால் மாவுச்சத்தும் இருக்கும். உறையின் முன்புறம் விளம்பரம். பின்புறத்திலுள்ள சிறிய எழுத்தே பாடம்.

மறக்கக் கூடாத எச்சரிக்கைகள்

முதலாவது, மிக முக்கியமானது. இன்சுலினோ சிலவகை மாத்திரைகளோ எடுப்பவருக்குச் சில வேளை இரத்தக் குளுக்கோஸ் அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் தோன்றும். அவ்வேளையில் இந்தப் பிஸ்கட்டைக் கொடுப்பது பயன் தராது. இதில் குளுக்கோஸ் ஆக்கும் பொருள் அநேகமாக இல்லை. நினைவோடு இருந்தால் குளுக்கோஸையோ சீனி கரைத்த நீரையோ உடனே கொடுக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவ உதவிக்கு விரைய வேண்டும். அதேபோல், இன்சுலின் போட்டவர் சாப்பாட்டுக்குப் பதிலாக இதை உண்ணக் கூடாது.

இரண்டாவது, எரித்ரிட்டால் அதிகமானால் வயிறு உப்பும்; பேதியாகும். 2023ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, இரத்தத்தில் எரித்ரிட்டால் மிகுந்திருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக நேர்ந்ததைக் காட்டியது. ஒன்றால்தான் மற்றது வந்தது என்று அது நிரூபிக்கவில்லை. ஆயினும் இது விழா நாளுக்குரியது, அன்றாடத்துக்குரியதன்று என்று கொள்வதே அறிவுடைமை. எடையைக் குறைப்பதற்கென ஸ்டீவியா போன்றவற்றைப் பழக்கமாக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் அதே ஆண்டில் அறிவுறுத்தியது. நீரிழிவு உள்ளவர்களை அந்த அறிவுரையில் அது சேர்க்கவில்லை.

மூன்றாவது, பருப்பு வகைகள் சிலருக்கு ஒவ்வாமை உண்டாக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்க்கும் பாதாம் எல்லா வேளையும் ஏற்றதன்று. மருத்துவரைக் கேட்டே கொடுக்க வேண்டும்.

செய்து பாருங்கள்

மாணவிகளே, இவ்விடுமுறையில் மூன்று வேலைகள் செய்யுங்கள். உங்கள் வீட்டிலுள்ள ஏதேனும் ஒரு பிஸ்கட் உறையை எடுத்து, ஒரு பிஸ்கட்டில் எத்தனை கிராம் கார்போஹைட்ரேட் என்று கணக்கிட்டு நோட்டில் எழுதுங்கள். நிலக்கடலையும் கொப்பரையும் சேர்த்து ஒரு முறையும் பாதாமில் ஒரு முறையும் செய்து, நிறம், மணம், மொறுமொறுப்பு ஆகியவற்றை ஒப்பிடுங்கள். மூன்றாவதாக, நீரிழிவு உள்ள பெரியவர் ஒருவரிடம் எந்நேரத்தில் எது உண்ணலாம் என்று மருத்துவர் கூறியிருக்கிறார் எனக் கேட்டறிந்து, அதற்கேற்ப இரண்டு பிஸ்கட்டுகளைத் தனித் தட்டில் அல்ல, எல்லோருக்கும் வைக்கும் தட்டிலேயே வைத்துக் கொடுங்கள். தனித் தட்டு நோயை நினைவூட்டும்; பொதுத் தட்டு உறவை நினைவூட்டும்.