அலிப்பூரில் பிறந்த கன்று

கொல்கத்தாவில் அலிப்பூர் என்ற பகுதி உள்ளது. அங்கே 1876-ல் ஒரு மிருகக்காட்சிச்சாலை திறக்கப்பட்டது. அதைக் கவனித்து வந்தவர் ராம் பிரம்ம சன்யால். விலங்குகளை எப்படி வளர்ப்பது என்று 1892-ல் புத்தகமே எழுதியவர் அவர்.

அங்கே 1889-ல் ஒரு சுமத்ரா காண்டாமிருகம் கன்று ஈன்றது. இந்த இனத்துக்கு இரண்டு கொம்புகள். உடம்பில் முடியும் உண்டு.

கன்று போடுவதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? அடைத்து வைத்த இடத்திலேயே ஆணும் பெண்ணும் சேர்ந்து, அங்கேயே பிறந்த கன்று அது. அப்படி இன்னொரு கன்று பிறக்க 112 ஆண்டுகள் ஆயின!

1984 முதல் காட்டில் 40 காண்டாமிருகங்களைப் பிடித்து வந்தார்கள். இனத்தைப் பெருக்க நினைத்தார்கள். பல இறந்துபோயின. ஆணையும் பெண்ணையும் ஒன்றாக விட்டால் சண்டைதான் வந்தது. குறை ஆணிடமா, பெண்ணிடமா? தெரியவில்லை.

நம் பசுவை எடுத்துக்கொள்வோம். காளை பக்கத்தில் இல்லாவிட்டாலும் 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். கருமுட்டை தானாக வெளிவரும். அந்தச் சமயம் பார்த்துக் காளையிடம் விடுகிறோம். அல்லது சினை ஊசி போடுகிறோம். காளையின் விந்தில் கோடிக்கணக்கான உயிரணுக்கள் உள்ளன. அவற்றில் ஒன்று முட்டைக்குள் நுழைந்தால் கரு உண்டாகிறது.

பூனையும் முயலும் ஒட்டகமும் அப்படி அல்ல. ஆணுடன் சேர்ந்த பிறகுதான் முட்டை வெளிவரும். ஆண் பூனையின் குறியில் சிறு முட்கள் இருக்கும். இணை சேரும்போது ஏற்படும் உறுத்தல், முட்டையை வெளிவிடும்படி பெண்ணின் உடலுக்குச் சொல்கிறது. ஒட்டகத்தில் விந்து நீரில் உள்ள ஒரு பொருளே இந்த வேலையைச் செய்கிறது. ஆணின் பங்கு உயிரணுவைக் கொடுப்பதோடு முடியவில்லை, பாருங்கள்.

காண்டாமிருகம் இதில் எந்த வகை? அமெரிக்காவில் சின்சினாட்டி மிருகக்காட்சிச்சாலையில் டெர்ரி ராத் என்ற பெண் விஞ்ஞானி இதைக் கண்டுபிடித்தார். எமி என்ற பெண் காண்டாமிருகத்தை அடிக்கடி ஸ்கேன் செய்து பார்த்தார். அதுவும் பூனையைப் போலத்தான்! சரியான நாள் பார்த்து இபு என்ற ஆணுடன் விட்டார்கள். சினை பிடித்தது. ஆனால் பலமுறை கலைந்தது. பாவம், எமி. பிறகு ஹார்மோன் மருந்து கொடுத்தார்கள். ஏறக்குறைய 16 மாதம் சுமந்து, 2001 செப்டம்பரில் ஆண் கன்று ஈன்றது. அதற்கு அண்டலாஸ் என்று பெயர் வைத்தார்கள்.

அலிப்பூரில் அன்று ஸ்கேன் ஏது? நாள் தானாகவே பொருந்தி வந்திருக்கிறது.

இன்று உலகில் இந்தக் காண்டாமிருகங்கள் 50-க்கும் குறைவு. அண்டலாஸை 2007-ல் சுமத்ரா தீவுக்கு அனுப்பினார்கள். அங்கே 2012-ல் அதற்கு ஓர் ஆண் கன்று பிறந்தது. அந்தக் கன்றும் வளர்ந்து, 2022-ல் தகப்பன் ஆனது.