பழைய உலாவியில் குலையும் பக்கம்



நாம் பாடுபட்டு அமைத்த இணையப் பக்கம் நம் கணிப்பொறியில் அழகாகத் தெரிகிறது. அதையே பழைய உலாவியில் திறந்தால் எழுத்துகள் நெருங்குகின்றன. வலப்புறப் பத்தி கீழே இறங்கிவிடுகிறது. இது ஏன்? இதைச் சீர்செய்வது எவ்வாறு? மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் இன்டர்நெட் எக்ஸ்புளோரரைச் சான்றாகக் கொண்டு காண்போம்.

அளவில் வந்த குழப்பம்

சட்டம் போட்ட படத்தின் அகலம் 10 அங்குலம் என்றால், அது படத்தின் அகலமா, சட்டத்தையும் சேர்த்த அகலமா? இணையப் பக்கத்திலும் இதே கேள்வி எழுந்தது. பக்கத்தின் ஒவ்வொரு பகுதியும் ஒரு பெட்டி. எழுத்துக்கும் பெட்டியின் கரைக்கும் நடுவே விடும் இடம் உள்வெளி. 1996-இல் வெளியான சி.எஸ்.எஸ். விதிகளின்படி, நாம் குறிக்கும் அகலம் எழுத்துக்கு மட்டுமே உரியது. உள்வெளியும் கரையும் அதற்குமேல் கூட்டப்படும். விண்டோஸில் இயங்கிய எக்ஸ்புளோரர் 5-ஆம் பதிப்போ எல்லாவற்றையும் அந்த அகலத்துக்குள் அடக்கிவிட்டது.

அகலம் 200 புள்ளி, இருபுறமும் உள்வெளி 10 புள்ளி எனக் கொள்வோம். விதிப்படி பெட்டி 220 புள்ளி, எழுத்துக்கு 200. பழைய உலாவியில் பெட்டியே 200. எழுத்துக்கு 180 மட்டும்.

தீர்க்கும் வழிகள்

1. பக்கத்தின் முதல் வரியாக டாக்டைப் அறிவிப்பை எழுதவேண்டும். 2001-இல் வந்த 6-ஆம் பதிப்பு, இவ்வறிவிப்பைக் கண்டால் விதிப்படி அளக்கும். காணாவிட்டால் பழைய வழியிலேயே அளக்கும்.

2. அகலத்தை வெளிப்பெட்டிக்கும், உள்வெளியை அதனுள் வைக்கும் மற்றொரு பெட்டிக்கும் கொடுக்கலாம். அப்போது எல்லா உலாவிகளிலும் அளவு ஒன்றே.

3. 6-ஆம் பதிப்பில் இன்னொரு பிழை உண்டு. இடப்புறம் ஒதுக்கி மிதக்கவிட்ட பெட்டிக்கு இடப்புறம் 10 புள்ளி வெளி விட்டால், அது 20 ஆகிவிடும். 760 புள்ளிப் பக்கத்தில் 10, 530, 220 என்று கச்சிதமாக அமைத்தது 770 ஆகும். இடமில்லாமல் வலப்பத்தி கீழே விழும். அப்பெட்டிக்கு 'டிஸ்ப்ளே: இன்லைன்' என்ற ஒரு வரி சேர்த்தால் பிழை நீங்கும். பிற உலாவிகளில் இவ்வரியால் பத்தியின் அமைப்பு மாறாது.

4. பழைய உலாவிக்கான திருத்தங்களைத் தனிக் கோப்பில் வைத்து, நிபந்தனைக் குறிப்பால் இணைக்கலாம். எக்ஸ்புளோரர் 5 முதல் 9 வரையிலான பதிப்புகளே அதைப் படிக்கும். மற்றவை வெறும் குறிப்பென்று கடந்துவிடும்.

நாம் கற்கும் பாடம்

விண்டோஸ் 10-இல் எக்ஸ்புளோரருக்கான ஆதரவு 15-6-2022 அன்று முடிவுற்றது. அப்படியாயின் இப்பாடம் எதற்கு? இன்றும் பழைய கைபேசியில் தேர்வு முடிவைத் தேடும் பெற்றோர் இருப்பர். பக்கம் குலைந்தால் அவர்கள் தம் கருவியையோ தம்மையோ நொந்துகொள்வர், பிழையோ அமைத்தவருடையது. ஆகவே எளிய அமைப்பை முதலில் எழுதி, புதிய அலங்காரத்தைப் பின்னர் சேர்ப்போம். தனக்குத் தெரியாத சி.எஸ்.எஸ். வரியை உலாவி விட்டுவிடும். எளிய அமைப்பு நிலைத்து நிற்கும்.

இன்னுமொரு செய்தி. தவறென்று ஒதுக்கிய அந்தப் பழைய அளவுமுறை வசதியானது எனப் பின்னர் உணரப்பட்டு, 'பாக்ஸ் சைஸிங்: பார்டர் பாக்ஸ்' என்ற பெயரில் விதியிலேயே இடம்பெற்றுவிட்டது. பழையது என்பதற்காக எதையும் இகழ வேண்டாம். பழைய கருவியோடு வருபவர் எவரையும் வாசலில் நிறுத்தவும் வேண்டாம்.