பொது நிர்வாகப் பட்டம்: செலவைப் பாருங்கள், சம்பளம் வேறு கணக்கு

பொது நிர்வாகம் படிக்கலாமா என்று விசாரிப்பவர்கள் கையோடு கேட்கும் அடுத்த கேள்வி, "முடிச்சா என்ன சம்பளம் வரும்?" உள்ளதைச் சொல்வதானால், இந்தப் பட்டத்துக்கென்று தனிச் சம்பளம் எதுவும் கிடையாது. டிஎன்பிஎஸ்சி குரூப் 1-க்கும் யுபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வுக்கும் ஏதேனும் ஒரு பட்டம் இருந்தால் போதும். துணை ஆட்சியருக்கும் புதிதாகச் சேரும் ஐஏஎஸ் அதிகாரிக்கும் தொடக்க அடிப்படை ஊதியம் 56,100 ரூபாய். அவர் படித்தது தாவரவியலா, பொது நிர்வாகமா என்று கருவூலம் பார்ப்பதில்லை. குரூப் 4 இளநிலை உதவியாளருக்கு 19,500. அதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே தகுதி.

சம்பளத்தைத் தருவது தேர்வு. அதனால் "எங்களிடம் படித்தவர் இவ்வளவு வாங்குகிறார்" என்று விளம்பரம் செய்யும் நிறுவனத்தை நம்பி லட்சங்களைக் கட்டாதீர்கள். இந்தப் பாடத்தைப் பொறுத்தவரை, மலிவாகப் படிப்பதே கெட்டிக்காரத்தனம்.

தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளில் கல்விக் கட்டணம் இல்லை. சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் போன்றவைதான். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வரும். தொலைநிலையில் சேர்ந்தால் இந்தத் தொகை கிடைக்காது. அருகில் உள்ள அரசுக் கல்லூரியில் இந்தப் பாடம் இல்லையென்றால் வரலாறோ அரசியல் அறிவியலோ எடுங்கள், நட்டமில்லை.

முதுகலைக்குத் தொலைநிலைதான் என் பரிந்துரை. இக்னோவின் எம்.ஏ. பொது நிர்வாகம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் நான்கு. பெரிய செலவு கட்டணத்தில் இல்லை, சம்பாதிக்காமல் போகும் ஆண்டுகளில் இருக்கிறது. குரூப் 4 வேலை கையில் இருப்பவர் அதை விட்டுவிட்டு இரண்டு ஆண்டு வகுப்புக்குப் போனால், அடிப்படை ஊதியத்தில் மட்டும் 4,68,000 ரூபாய் போகும். அகவிலைப்படி தனி. வேலையில் இருந்தபடியே படியுங்கள். துறையின் அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். மாணவராக இருப்பவருக்கும் வழி உண்டு: 2022 முதல், கல்லூரியில் ஒரு பட்டமும் தொலைநிலையில் இன்னொரு பட்டமும் சேர்த்துப் படிக்க யூஜிசி அனுமதிக்கிறது.

சேரும் முன் இரண்டு விஷயங்கள். அந்தக் கல்வியாண்டுக்கு, அந்தக் குறிப்பிட்ட பாடத்துக்கு, யூஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி தந்திருக்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் பெரியதாக இருப்பது மட்டும் போதாது. அடுத்தது, பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலையில் நேரடியாக வாங்கிய பட்டம் தமிழ்நாட்டு அரசு வேலைக்குச் செல்லாது. இது தெரியாமல் பணமும் வயதும் இழந்தவர்கள் ஏராளம்.

தமிழ்வழியில் பள்ளி முடித்தவர் இளங்கலையை ஆங்கில வழிக்கு மாற்றும் முன் இருமுறை யோசிக்கட்டும். பட்டத்தைத் தகுதியாகக் கேட்கும் டிஎன்பிஎஸ்சி பதவிகளில் தமிழ்வழிக்கான 20 விழுக்காடு ஒதுக்கீடு வேண்டுமானால், 2020 சட்டத் திருத்தத்தின்படி முதல் வகுப்பிலிருந்து பட்டம் வரை தமிழ்வழியிலேயே படித்திருக்க வேண்டும். எந்தக் கல்லூரியின் பெயரும் இதற்கு ஈடாகாது.

அப்படியானால் பொது நிர்வாகத்தால் லாபமே இல்லையா? உண்டு. யுபிஎஸ்சி முதன்மைத் தேர்வில் இது 500 மதிப்பெண்ணுக்கான விருப்பப் பாடம். ஆட்சிமுறை குறித்த பொதுத் தாளுக்கும் பாதி வேலை முடிந்துவிடும். இன்னொரு வழி யூஜிசி நெட். இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். ஆனால் முதுகலையை வைத்து நெட் எழுத, அதில் பொதுப்பிரிவினருக்கு 55 விழுக்காடு வேண்டும், பெரும்பாலான ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. தொலைநிலையில் "பாஸானால் போதும்" என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தில்தான் அடிபடுகிறார்கள். முதல் பருவத்திலிருந்தே 60-ஐ இலக்காக வையுங்கள்.